நீங்க கொடுத்தா போட்டுக்குவா

அக்காவாம். மூன்று வருஷமாக மேடம், மேடம் என்று நாக்கில் வெண்ணெய் தடவிக்கொண்டு கூப்பிட்ட கோச் வைரவேலுக்கு, டிஷ்யூ பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்துகிற நேரத்தில்தான் இமாக்குலேட் அக்காவாகத் தெரிந்திருக்கிறாள். "தண்ணி மாத்திரைதான்க்கா. உடம்புல சும்மா நிக்கிற தண்ணியை இறக்கி விட்டுடும். ரெண்டு தடவை பாத்ரூம் போய்ட்டு வந்தா அரைக் கிலோ ஓடிப்போயிடும். நான் சொன்னா உங்க பொண்ணு முறைக்கிறா. நீங்க கொடுத்தா போட்டுக்குவா." சொன்ன வாய் மூடுவதற்குள் ஆளைக் காணோம். கழுத்தில் விசில் ஆட, வெள்ளை ஷூ மினுக்க, அரங்கத்துக்குள் போய் மறைந்துவிட்டான். அவள் மட்டும் இந்த என்ஜினியரிங் கல்லூரி விளையாட்டரங்கின் பின்பக்க நிழலில், ஒரு கால் நொண்டுகிற பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஹேண்ட்பேகும் கையில் பொட்டலமுமாக உட்கார்ந்திருக்கிறாள். எதிரே கொளுத்துகிற வெயிலில் ரொசிட்டா ஸ்கிப்பிங் ஆடுகிறாள், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ஏப்ரல் மாசத்தில். பெற்ற தாய்க்கே பார்க்கச் சிரிப்பு வருகிற கோலம், சிரிக்கத்தான் முடியவில்லை. எடை பார்க்கும் அறையில் பெண் ஒரு தடவை ஏறி இறங்கியாகிவிட்டது. ஐம்பத்தைந்து கிலோ பிரிவுக்கு அரைக் கிலோ கூட. நேரம் முடிவதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி நிற்கலாம். முடிந்த பிறகு ஒரு குண்டுமணி கூட இருந்தாலும் மாநிலப் பளுதூக்கும் போட்டியில் அவள் கை கம்பியில் படாது. மாநிலம் இல்லையென்றால் தேசியம் இல்லை. தேசியம் இல்லையென்றால், விடிய எழுந்து முட்டை வேகவைத்த மூன்று வருஷமும் வெந்த முட்டையோடு போயிற்று.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பாத்ரூமில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு வரவேண்டியதுதானே என்று இமாக்குலேட் தன்னையே அதட்டுகிறாள். அவளுக்கு இப்படி இழுத்துக்கொண்டிருப்பது பிடிக்காது. கான்வென்டில் சிஸ்டர் பொனவெஞ்சர் கணக்குப் பரீட்சையில் எவளாவது எட்டிப் பார்த்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள், தாளை எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுவாள், காகிதம் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஆடும். அதுதான் சரி. தப்பு என்றால் தப்பு. தண்ணி மாத்திரை என்ன, தங்க மாத்திரை என்ன. பேரைப் பார், தண்ணி மாத்திரையாம், ஏதோ பானையிலிருந்து மொண்டு கொடுக்கிற மாதிரி. மாமியாருக்கு இருதயம் வீங்கிப் போன கடைசி வருஷம் டாக்டர் எழுதிக் கொடுத்தது இதே தண்ணி மாத்திரைதான், ஆனால் மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பார்த்து, இளநீர் கொடு, வாழைப்பழம் கொடு, கால் இழுத்தால் உடனே கூட்டிக்கொண்டு வா என்று ஆயிரம் பத்திரம் சொன்னார். அது படுக்கையில் கிடந்த கிழ உடம்பு. இது தன் எடைக்கு மேலே இரும்பைத் தலைக்கு மேல் தூக்கப்போகிற உடம்பு, பதினேழு வயசு. உள்ளே எவளோ கம்பியைக் கீழே போடுகிறாள், தரை அதிர்கிறது, நாற்காலியின் நொண்டிக்கால் வழியாக அந்த அதிர்ச்சி முதுகுத்தண்டில் ஏறுகிறது. கையில் பூசுகிற வெள்ளைப் பவுடர் வாசனையும் வலித் தைலத்தின் நெடியும் கலந்து கதவிடுக்கில் வந்துகொண்டிருக்கின்றன. ஆண்டவரே, போன மாசம் பூசையில் நற்கருணைக்கு முழங்கால் போட்ட ரொசிட்டா அப்படியே சரிந்தாளே. கெண்டைக்கால் கல்லாட்டம் இருந்தது. தவக்காலத்து ஒருசந்தி நோன்பு, வெறும் வயிறு, அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையே சொன்னாள். அது ஒருசந்திதான். வேறென்ன. நீங்க கொடுத்தா போட்டுக்குவா. ஏன் என்னிடம் கொடுத்தான்?

அங்கேதான் முள் குத்துகிறது. மூன்று வருஷமாகப் புரோட்டீன் பவுடரைக்கூட அவனே கரைத்து அவனே நீட்டுகிறவன். இடுப்பு பெல்ட்டை அவனே இறுக்குவான், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று அவனே அதட்டுவான், பேரன்ட்ஸ் எல்லாம் தயவுசெய்து கேட்டுக்கு வெளியே நில்லுங்க மேடம் என்று கும்பிட்டே விரட்டுவான். இன்றைக்கு மட்டும் தாய்ப்பாசம் அவசியப்பட்டுவிட்டதாக்கும். ஜெயிலர் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியாதா என்ன. இருபத்தைந்து வருஷம் ஜெயில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள், பெரிய கேட்டின் சத்தத்தை வைத்தே உள்ளே போவது அரிசி லாரியா ஆள் வண்டியா என்று சொல்லிவிடுவாள். அங்கே ஒரு சாமான் உள்ளே போகவேண்டுமென்றால் அது யாருக்கு வேண்டுமோ அவன் கை அதன்மேல் படவே படாது. பத்துக் கைதிகளை ஆட்டி வைக்கிற தடியன் ஒருத்தன் பிளாக்கில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பீடிக் கட்டைச் சுமக்கிறவன் புதுசாக வந்த நோஞ்சான். கொண்டுவருகிறவள் மனு போட்டுக் கைதியைப் பார்க்க வந்த எவனுடைய அம்மாவோ, இட்லிக்கு அடியில், சோப்புக்கு நடுவில், நைட்டி மடிப்பில். மாட்டினால் அழப்போகிறவளும் அவள்தான். இமாக்குலேட்டுக்குக் காது சூடாகிறது. இட்லிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிற அம்மாவாகவா என்னை நினைத்தான் இவன்? என்னைப் போயா? திமிரைப் பார் பயலுக்கு.

எட்வின் ஞாபகம் வருகிறான், வேண்டாமென்றாலும் வருகிறான். அடுத்த வரிசை வீட்டில் இருந்த சின்ன வயசு வார்டர், பூனை மீசை, கோயில் கொயரில் கீபோர்டு வாசிப்பான். ஒரு அம்மாள் உள்ளே இருந்த மகனுக்கு மூச்சிழுப்புக்குப் பம்ப் கொண்டுவந்தாள். கேட்டில் வாங்கமாட்டேன் என்றார்கள், டாக்டர் எழுதித் தரணும், டாக்டர் லீவு, அடுத்த வாரம் வா என்றார்கள். அந்த அம்மாள் மதிலோரம் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு எட்வின் பம்ப்பைக் காலுறைக்குள் செருகிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். புண்ணியம்தானே. ஒரு உயிர் மூச்சு விட்டது. ஆனால் எட்வின் காலுறைக்குள் ஒரு பாதை இருக்கிறது என்று பிளாக் முழுக்கத் தெரிந்துபோயிற்று. முதலில் ஊறுகாய், பிறகு பீடி, பிறகு சிம் கார்டு. முடியாதுப்பா என்றானாம், அப்ப பம்ப் விஷயத்தை ஜெயிலர் சார் காதுல போட்டுடலாமா சார் என்று பவ்யமாகக் கேட்டானாம் ஒரு கைதி. திடீர் சோதனையில் பையன் பிடிபட்ட அன்று அவள் புருஷன் அருளப்பன் சாப்பிடவில்லை. இமாக்குலேட்தான் சொன்னாள், "இதுல துக்கம் கொண்டாட என்ன இருக்கு? நாலு அறை விட்டு வீட்டுக்கு அனுப்புங்க." அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அனுப்பத்தான் போறேன் இம்மா. ஆனா அந்தம்மா அந்தப் பம்ப்பை எங்க கொண்டுபோய்க் கொடுத்திருக்கணும்? நீ ஒரு இடம் சொல்லு." அடுத்த மாசமே மனு பார்க்கிற இடத்தில் மருந்துக்கென்று ஒரு ஜன்னல் வைத்தார், கம்பவுண்டரை உட்காரவைத்தார், மருந்தை நாலு பேர் பார்க்க வாங்கி டாக்டரிடம் காட்டி உள்ளே அனுப்பினார். "திருடனுக்கு டிபன் கேரியர்தான் பாக்கி" என்று இவள் நொடித்தாள். காலுறை வியாபாரம் பாதியாகக் குறைந்தது என்று அவர் சொன்னபோதும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டாள். செருகினது செருகினதுதான். ஆனால் எங்கே கொடுத்திருக்கணும் என்ற அந்தக் கேள்வி மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய பாக்கு மாதிரி நாக்கை விடமாட்டேனென்கிறது. சரி, ஸ்கிப்பிங் ஆடுகிற இந்தப் பெண்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்? கோச்சைப் பற்றிக் கோச்சிடமா? போன மாசம் ரொசிட்டா என்னவோ சொல்ல வந்தாளே, அடுப்பில் பால் பொங்குகிற நேரமாகப் பார்த்து, "அம்மா, வைரவேல் சார் இருக்காரே" என்று. "சாரைக் குறை சொல்றதை விட்டுட்டு ஒழுங்கா ப்ராக்டீஸ் பண்ணு" என்று முடித்துவிட்டாள் இவள். பால் வழியவில்லை. பால் வழியாமல் பார்த்துக்கொண்டாயே, ரொம்ப சாமர்த்தியம்.

ஸ்கிப்பிங் சத்தம் நின்றிருக்கிறது. மழைக்கோட்டுக்குள்ளிருந்து வியர்வை சொட்ட ரொசிட்டா எதிரே நிற்கிறாள், உதடு வெளுத்து, மூக்கு நுனியில் துளி தொங்க. அவள் கண் அம்மாவின் முகத்தில் இல்லை, கையில் இருக்கிறது. டிஷ்யூ பேப்பர் வியர்வையில் ஊறி, உள்ளே இருக்கிற மாத்திரை அட்டை பளபளவென்று தெரிகிறது. "நீயுமா?" என்கிறாள். இமாக்குலேட் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிவிட்டாள். "சரி, கொடு." அவ்வளவுதான். சண்டை இல்லை, ஏன் எதற்கு இல்லை. கம்பியைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்த உள்ளங்கை, நற்கருணை வாங்குகிற மாதிரி விரிந்து நிற்கிறது. வைரவேல் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான், நாசமாய்ப் போகிறவன். இமாக்குலேட் பொட்டலத்தை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்கிறாள். நாற்காலி நொண்டிச் சாய்கிறது. "தொட்டே, கையை உடைப்பேன்." "அப்ப எதுக்கு வாங்கினே?" இது கேள்வி. எதற்கு வாங்கினாள்? அவன் வைத்தான், விரல்கள் மூடிக்கொண்டன. மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. தேசியப் போட்டிக்குப் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெண்ணுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிற மாதிரி அவளும்தானே நினைத்து வைத்திருக்கிறாள். அந்த ஆரஞ்சுக்குத்தான் விரல் மூடியது. சீ. "திருப்பிக் கொடுக்க வாங்கினேன்" என்கிறாள், பாதி பொய், பாதி இந்த நிமிஷம்தான் உண்மையானது. ரொசிட்டா மூஞ்சியைத் துடைத்துக்கொள்கிறாள். "நீ திருப்பிக் கொடு, கொடுக்காம போ. பேச்சி காலைலயே போட்டுட்டா. பாத்ரூம் வாசல்ல உக்காந்திருக்கா. எடையெல்லாம் சரியா வந்துடுச்சு அவளுக்கு."

முத்துப்பேச்சி இவர்கள் அணியிலேயே சின்னவள், நாற்பத்தைந்து கிலோ பிரிவு, விளையாட்டு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற அம்மா இத்தனை தூரம் வந்து நொண்டி நாற்காலியில் உட்காரப் போவதில்லை. அதனால் அந்தப் பிள்ளைக்கு அக்கா, மேடம், டிஷ்யூ பேப்பர் எதுவும் தேவைப்படவில்லை, நேராகவே கொடுத்துவிட்டான். இமாக்குலேட் போய்ப் பார்க்கையில் அவள் படியில் ஒரு காலை நீட்டிக்கொண்டு, கெண்டைச்சதையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சதை தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி துடிக்கிறது. "நாக்கை நீட்டு." நீட்டுகிறாள். காய்ந்த புளியங்கொட்டை மாதிரி இருக்கிறது. "நெஞ்சு படபடங்குதா?" "லேசா, ஆன்ட்டி. ஒண்ணும் செய்யாது. போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு." போன தடவையும். மாமியாரின் ரத்தப் பரிசோதனைகள் வரிசையாக ஞாபகம் வருகின்றன. இந்தக் காலோடு இவள் போய்க் குந்தி எழுந்து இரும்பைத் தூக்கினால், கால் மடங்கினால் கம்பி கழுத்தில். "எந்திரி, டாக்டர்கிட்ட போறோம்." பிள்ளை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறாள். "வேண்டாம் ஆன்ட்டி. சொல்லிறாதீங்க. சாருக்கு ஒண்ணும் ஆவாது, என்னயத்தான் ஹாஸ்டல்லேருந்து அனுப்பிருவாங்க. ஊருக்குப் போனா உப்புதான் அள்ளணும்." பின்னால் வந்து நின்ற ரொசிட்டாவும், "ஸ்டேட் லெவல்ல எவனும் ஊக்கமருந்து டெஸ்ட்டுக்கு பாட்டிலை நீட்டமாட்டான்னு சார் சொன்னாரும்மா. நீ சொன்னாத்தான் வெளியவே வரும்" என்கிறாள், யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற குரலில்.

பிள்ளை சொல்வது நிஜம்தான். ஜெயிலிலும் அதுதானே நடக்கும். நோஞ்சானுக்குத் தனிக்கொட்டடி, அம்மாக்காரிக்கு மனு ரத்து, எட்வினுக்கு வீடு, காலாட்டுகிறவன் காலாட்டிக்கொண்டே இருப்பான். ஏனென்றால் அவன் கொடுத்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் அது அவனிடமே கைநீட்டி வாங்கின ஆளாக, அவனுக்குப் பயந்த ஆளாக இருக்கும். இமாக்குலேட் சட்டென்று நிற்கிறாள். இங்கே ஒரு ஆள் இருக்கிறாளே. ஹாஸ்டலிலிருந்து அனுப்ப முடியாத ஆள், அணியிலிருந்து தூக்க முடியாத ஆள், ஐம்பது வயசு, குரல் நன்றாக இருக்கிறது, கையில் அவன் கொடுத்த அட்டையே இருக்கிறது. புத்திசாலிப் பயல் ஒன்றை மறந்துவிட்டான். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பிள்ளைகள் பயப்படும். தன் கை சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு பெரிய மனுஷியிடம் கொடுத்து, தானாகப் போய் ஒரு சாட்சியை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டான். அதிலும் எப்பேர்ப்பட்ட சாட்சி. அவளுக்குச் சிரிப்பே வந்துவிடுகிறது, உடம்பெல்லாம் வேப்பமரக் காற்றுப் பட்ட மாதிரி. "பேச்சி, நீ வாயைத் திறக்கவே வேண்டாம். கால் வலிக்குதுன்னு மட்டும் சொல்லு, அது உண்மைதானே. மத்ததை நான் பேசறேன். பேசறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

முதலுதவிப் பந்தலில் இருந்த டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் நாடியைப் பிடித்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது. பேச்சியைப் படுக்கவைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி வரட்டும் என்கிறாள். எடை அறையிலிருந்து நடுவரம்மாள் ஒருத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வருகிறார். அவருக்கு முன்னால் ஓடி வருகிறான் வைரவேல். "இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான் மேடம். தானாக் கடையில வாங்கி எதையோ போட்டிருக்கும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" இமாக்குலேட் அட்டையை டாக்டரின் மேஜையில் வைக்கிறாள், டிஷ்யூவை உரித்து, பெயர் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி. "அப்படியா சார்? கொஞ்சம் முன்னால எங்கிட்ட கொடுத்தீங்களே, இது எந்தக் கடையில நான் வாங்கினேன்?" "என்னக்கா நீங்க" என்று ஆரம்பிக்கிறான். "மேடம்னே கூப்பிடுங்க, அதுதான் பழக்கம்." நடுவரம்மாளின் உதடு கொஞ்சம் இழுபடுகிறது, பிறகு ஒழுங்காகிறது. "எழுத்துல கொடுப்பீங்களா?" "அழகாக் கொடுப்பேன். கான்வென்ட் கையெழுத்து. ஆனா ஒண்ணு, இந்தப் புள்ளைகளை விசாரிக்கணும்னா இவர் இல்லாத ரூம்ல, டாக்டரை வச்சுக்கிட்டு விசாரிங்க. மாத்திரையைப் போட்டவளைத் தண்டிச்சுட்டுக் கொடுத்தவரை விட்டீங்கன்னா நாளைக்கு ஒருத்தியும் உங்ககிட்ட வாயைத் திறக்கமாட்டா." அருளப்பன் கேட்டால் பூரித்துப்போவார். கேட்கவேண்டாம், அப்புறம் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார். வைரவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வருகிறான். "உங்க பொண்ணு தலையிலயும் சேர்த்துத்தான் மண்ணை அள்ளிப் போடறீங்க மேடம். யோசிச்சுப் பேசுங்க." "என் பொண்ணு போட்டுக்கலையே" என்கிறாள், பட்டென்று, பெருமையாக. அவன் ரொசிட்டாவைத் திரும்பிப் பார்க்கிறான், அவ்வளவுதான். இமாக்குலேட்டும் திரும்பிப் பார்க்கிறாள், அன்றைக்குப் பூசையில் கல்லாட்டம் இருந்த அந்தக் கெண்டைக்காலை. ஒருசந்தி. ஆண்டவரே, அது ஒருசந்தி.

நடுவரம்மாள் அவனை வெளியே நிற்கச் சொல்கிறார். பிறகு பொதுவாகப் பார்த்து, "ஒரு பொண்ணுக்குத்தான் கொடுத்தாரா?" என்று கேட்கிறார். "ரெண்டு" என்கிறது ஒரு குரல். மழைக்கோட்டின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு ரொசிட்டா முன்னால் வருகிறாள். "போன மாசம் எனக்கும். செலக்ஷனுக்கு முன்னாடி ரெண்டு நாள் போட்டேன். அப்புறம் கோயில்ல விழுந்துட்டேன். அதுலேருந்துதான் மாட்டேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அதான் இன்னைக்கு அம்மாகிட்ட கொடுத்திருக்கார்." சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி கரகரக்கிறது. பெண்கள் ஐம்பத்தைந்து கிலோ, எடை பார்க்க இதுவே கடைசி அழைப்பு. இவ்வளவு நேரம் ஆடினதில் இன்னும் எவ்வளவு இறங்கியிருக்குமோ, சரியாகக்கூட இருக்கலாம், யார் கண்டது. இமாக்குலேட்டுக்குத் தன் குரல் தனக்கே கேட்கிறது, "போ, போய் ஏறி நின்னுட்டு வா, இதை அப்புறம் பேசிக்கலாம்." ரொசிட்டா தலையாட்டுகிறாள். "இல்லம்மா. இப்பச் சொல்லலைன்னா சொல்லமாட்டேன்." மறுபடியும் அழைப்பு வருகிறது, இந்தத் தடவை அவள் பெயரைச் சொல்லி. திட்ட வேண்டும், ஏன்டி மறைத்தாய் என்று உலுக்க வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும், அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும், கேட்க நூறு கேள்வி இருக்கிறது. இமாக்குலேட் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறாள். பெண் உட்காருகிறாள். மழைக்கோட்டுக்குள் சேர்ந்திருந்த வியர்வை பெஞ்சில் வழிந்து புடவையை நனைக்கிறது. "முதல் தடவை பேச்சியோட ஹாஸ்டல் கிச்சன்ல வச்சுக் கொடுத்தார்" என்று ரொசிட்டா தொடங்குகிறாள். இமாக்குலேட் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.